மேலத்தெரு முனையிலிருந்து கடைசி வீடு வரை

அடுத்த மாதம் முதல் என் நாற்காலியில் உட்காரப்போகும் தம்பிகள் இருவருக்கும்:

ஓய்வு பெறுகிறவர்கள் எழுதவேண்டிய குறிப்பை நான் எழுதுகிறேன். எனக்கு வயது முப்பத்துநாலு. யுத்தம் முடிந்ததும் தற்காலிக உத்தியோகங்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகமாக இருப்பவன் கலெக்டர் ஆபீஸின் இந்த மொழிபெயர்ப்புப் பகுதியில் நான் ஒருவன்தான். ஆகவே உத்தரவு யாரைப் பற்றியது என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் பள்ளிக்கூடத்து வாத்தியாராகப் போகிறேன். நீங்கள் நிரந்தரமாக வருகிறீர்கள்.

சர்க்கார் நோட்டீஸை இங்கிலீஷிலிருந்து தமிழாக்குவது எப்படி என்று சொல்லப்போவதில்லை. அது இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதைப் பற்றித்தான் சொல்லவேண்டும். பெட்டி நிறையச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் மேலே ஓர் இங்கிலீஷ் சொல், கீழே அதற்கு நாம் கட்டிய தமிழ்ச்சொல். சில சீட்டுகளில் சிவப்பு மையில் ‘நின்று கேட்டது’ என்று எழுதியிருக்கும். சிலவற்றில் இருக்காது. இல்லாதவற்றை எடுத்து நோட்டீஸில் போடாதீர்கள். அவை பார்க்க அழகாக இருக்கும். எல்லாம் நான் எழுதியவை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அவனியாபுரத்துக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் எங்கள் ஊர். அப்பா ஊர்த் தமுக்கு அடிப்பவர். வரி கட்டச் சொல்லி உத்தரவு வந்தாலும், மாடு காணாமல் போனாலும், தெருமுனையில் நின்று தமுக்கை நாலு தட்டுத் தட்டிச் செய்தியைக் கூவுவது அவர் ஊழியம். அதற்காக ஒரு குறுக்கம் புஞ்சை மானியம். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது. தமுக்கு ஒன்று, பிள்ளைகள் இரண்டு. அண்ணன் தமுக்கை எடுத்துக்கொண்டார். சிலேட்டு எனக்கு வந்தது.

வேலையில் சேர்ந்த அன்று, அண்ணன் என்ன செய்கிறார் என்று பகுதியில் கேட்டார்கள். “கிராம உத்தியோகம்” என்றேன். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. என் சர்டிபிகேட்டை வேலைக்கு எடுத்தவர் பார்த்திருந்தார். பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்க்கவில்லை. மொழிபெயர்ப்பில் சொன்னதைவிட விட்டதுதான் பெரிய பிழையாகும் என்று பின்னால் உங்களுக்கே தெரியவரும்.

சொல் கட்டுவது எனக்குப் பித்தாகவே இருந்தது. இங்கிலீஷ் சொல்லை ரயில் பெட்டி மாதிரி முன்னாலும் பின்னாலும் கோத்துக்கொண்டே போகலாம். முன்னால் இரண்டு எழுத்தை மாட்டினால் ‘ஆம்’ என்பது ‘இல்லை’ ஆகிவிடும். சமஸ்கிருதத்தில் இரண்டு சொல் சேரும் இடம் உருகி ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. தமிழில் எல்லாம் வாலில்தான். செய் என்று தொடங்கினால் செய்வி, செய்விக்க, செய்விக்கப்படாத, செய்விக்கப்படாதவர்களுக்கு என்று வால் வளர்ந்துகொண்டே போகும். இல்லை என்பதுகூட வாலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். பிறகு சர்க்கார் கச்சேரிகளில் நவாபு காலத்திலிருந்து புழங்கும் சொற்கள். பங்குதாரர் என்ற சொல்லைப் பாருங்கள். தலை தமிழ், இடுப்பு பாரசீகம், கால் மறுபடி தமிழ். அந்த ஆள் யாரிடமும் சம்மதம் கேட்காமல் ஊருக்குள் நடந்து வந்துவிட்டார்.

எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் எதையும் சமஸ்கிருதத்தில் கட்டுவார். நான் அகராதியைப் புரட்டிப் பழந்தமிழ் வேரெடுத்துக் கட்டுவேன். இருவருக்கும் நடுவே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அவதிப்படுவார். அவர் தெற்குவாசல் பக்கத்து முஸ்லிம் குடும்பத்துக்காரர், என் வயதுதான்.

“மாப்ள, நேத்து நீ அனுப்புன ஒரே வார்த்தைக்கு எங்கிட்ட இருந்த ‘ப்’ அம்புட்டும் போயிருச்சு. எழுத்துப் பெட்டியக் கவுத்துத் தட்டிட்டேன்.”

“புதுசா வார்க்கச் சொல்லுங்க.”

“ஏன், சனங்க வாயில கெடக்கறத எடுத்து எழுதுனா கொறஞ்சா போயிருவே? கப்பல்ல வந்த எண்ணெய்க்குச் சீமையெண்ணெய்னு பேரு வச்சாக. கப்பல்ல வந்த துணிக்குச் சீமைத்துணி. ரயிலு நிக்கற எடத்துக்கு ரயிலடி. எந்தக் கமிட்டி உக்காந்து கட்டுச்சு?”

“அது சொல் இல்ல, பேச்சு” என்றேன்.

“ஆமா ஆமா” என்றார் கம்பாசிட்டர். “உன்னோடது சொல்லுதான். பேசத்தான் முடியாது.”

இப்படி இருக்கையில் ஒரு கோடையில் வைகை வெறும் மணலாகக் கிடந்தபோது, தெற்குக் கிராமங்களில் காலரா கண்டது. பகல் இரண்டு மணிக்கு இங்கிலீஷ் நகல் என் மேஜைக்கு வந்தது. நாலு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். விஷயம் மூன்றுதான். காலரா வந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக்கூடாது. சாவடியில் ஊசி போடுகிறார்கள், வந்து போட்டுக்கொள்ளவேண்டும். நான் இரண்டு மணி நேரமும் எடுத்துக்கொண்டு இப்படி எழுதினேன்:

‘நீர்வழிப்பரவுநோய்க் காலத்தில், நுண்கிருமிநீக்கம் செய்யப்பெறாத கிணற்றுநீரைக் கொதிப்பித்தாற்றாது பருகுதல் விலக்கப்பெற்றது. நோய்முன்தடுப்பூசியேற்றம் பெற விழைவோர் சாவடிக்கண் கூடுக.’

தலைவர் வாசித்துவிட்டு, “நன்றாயிருக்கிறது” என்றார். அதற்கு முன் அவர் அப்படிச் சொன்னதில்லை. என் சீட்டுகளையெல்லாம் அதிகாரபூர்வமான சொற்பட்டியலாக ஏற்கவேண்டும், என்னை நிரந்தரம் ஆக்கவேண்டும் என்று மேலே எழுதப்போவதாகவும் சொன்னார். அன்று சைக்கிளை மிதித்த ஞாபகமே இல்லை, வீட்டில் இருந்தேன்.

பத்து நாள் கழித்து அவர் என்னிடம் ஒரு பைலைக் கொடுத்தார். ஒரு சானிடரி இன்ஸ்பெக்டர் எழுதிய புகார். இன்ன ஊரில் தமுக்கு அடிப்பவர் அச்சிட்ட நோட்டீஸில் உள்ளபடி கூவவில்லை. நோட்டீஸின் சொற்களில் பாதியைக்கூட வாயில் எடுக்காமல் தன் மனம்போல் வேறு சொற்களைக் கூவினார். அதோடு, நோட்டீஸில் இல்லாத ‘ஊசி வலிக்கும்’ என்ற செய்தியையும் சேர்த்து, மக்களைப் பயமுறுத்தினார். ஆகவே ஊழியத்திலிருந்து நீக்கவேண்டும். கூவியது என்ன என்பதை இன்ஸ்பெக்டர் தனித்தாளில் வரிக்கு வரி எழுதி இணைத்திருந்தார். கடைசியில் அந்த ஆளின் பெயர், தகப்பன் பெயர். தகப்பன் பெயர் என் தகப்பன் பெயர்.

“நோட்டீஸும் கூவலும் ஒன்றா, இல்லையா. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்கள்” என்றார் தலைவர். “நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் உம்ம அபிப்பிராயம் வேணும்.”

ஊழியம் போனால் மானிய நிலமும் போகும். ‘ஒன்றல்ல’ என்று எழுதினால் அண்ணன் குடும்பம் தெருவுக்கு வரும். ‘ஒன்றுதான்’ என்று எழுதினால், நான் கட்டிய சொற்கள் இல்லாமலே காரியம் நடந்திருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். சொற்பட்டியலும் நிரந்தரமும் கையைவிட்டுப் போகும். இதில் மூன்றாவது சிக்கல் ஒன்று. பைலில் உறவினர் சம்பந்தப்பட்டிருந்தால் தெரிவிக்கவேண்டும் என்பது பகுதியின் விதி. தெரிவித்தால் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பில்லை. தெரிவிக்காவிட்டால் மதிப்புண்டு.

அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அண்ணன் கண்மாய்க்கரையில் வைக்கோலைக் கொளுத்தித் தமுக்கை அனலில் காட்டிக்கொண்டிருந்தார். தோல் இறுகினால்தான் சத்தம் எழும்.

“என்னடா, வேல நாள்ல வாரே? யாரும் போயிட்டாகளா?”

“இல்லண்ணே. உன் மேல புகார் வந்திருக்கு.”

“தெரியுமே. எழுதிப் போட்டுட்டுத்தான் மறுவேலைன்னு இனிஸ்பெட்டரு சொல்லிட்டுத்தான் போனாரு. நல்ல மனுசன். சொன்னதச் செஞ்சிட்டாரு.”

“நோட்டீஸ்ல இருந்தத ஏண்ணே கூவல?”

“மணியக்காரரு வாசிச்சுக் காட்டுனாரு. மூணு தடவ வாசிக்கச் சொன்னேன். மூணாந்தடவ அவரே, ‘எனக்கே வெளங்கல, நீயே எதையாச்சும் பாத்துச் சொல்லு’ன்னுட்டாரு. நான் நேரா ஊசி போடுறவருகிட்டப் போயி, என்ன சாமி வெவரம்னு கேட்டேன். அவரு சொன்னாரு. அதச் சொன்னேன்.”

“ஊசி வலிக்கும்னு சொல்லச் சொன்னாரா?”

“எனக்குத்தான மொதல்ல போட்டாரு. வலிச்சுச்சு. வலிக்காதுன்னு சொல்லி, மொத ஆளு கத்துனான்னா மித்த ஆளு நிப்பானா? ‘வலிக்கும், நாளைக்குக் கை வீங்கும், ஆனா சாக மாட்டீக’ன்னு சொன்னேன். வலிக்கும்னு சொன்னவன் சாக மாட்டேன்னதயும் நெசமாத்தான் சொல்லுவான்னு வந்தாக. வீங்காத ஒருத்தரு, ஏண்டா என்னைய ஏமாத்துனேன்னு சண்டைக்குக்கூட வந்தாரு.”

தமுக்கை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு மறுபடி அனலில் காட்டினார்.

“அந்த நோட்டீசு ஒங்க ஆபீசுலதான எழுதுனது? எவன்டா அவன்? பெரிய படிப்புப் படிச்சவனாத்தான் இருப்பான். ஒரே ஒரு நா அவன மேலத்தெரு மொனையில கொண்டாந்து நிறுத்தணும்டா.”

மேலத்தெருவுக்குள் நாங்கள் போகக்கூடாது. தமுக்கும் போகக்கூடாது. ஆனால் சர்க்கார் உத்தரவு கடைசி வீடு வரை போகவேண்டும். ஆகவே எங்கள் அப்பாவும் அவருடைய அப்பாவும் தெருமுனையிலேயே நின்று, சொல்லை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். இதை நான் சிறுவயதில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் எழுதும்போது ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அகராதியில் அந்தத் தெரு இல்லை.

“பக்கத்து ஊருல தமுக்கு அடிக்கறவன் பயந்தவன்” என்று அண்ணன் தொடர்ந்தார். “கர்ணம் பக்கத்துல நின்னு வரிவரியாச் சொல்லிக் குடுக்க, அப்படியே கூவியிருக்கான். ஒரு எழுத்து மாத்தல. ஊசிக்காரரு சாவடியில மத்தியானம் வரைக்கும் ஈ ஓட்டிட்டுப் போயிட்டாரு. ஒரு ஆளு வரல. முந்தாநாத்து அவன் எங்கிட்ட வந்து அழுகுறான். பொண்டாட்டியும் பொண்டாட்டியோட ஆத்தாளும் ஒரே நாள்ல. அவனே கூவுனதுக்கு அவன் வீட்டுக்கே அர்த்தம் தெரியல. நான் மாத்திச் சொன்னேன், எம் பேருல புகாரு. அவன் தப்புப் பண்ணல, அவன் வீட்டுல எழவு. அவனுக்கு நான் என்னடா சொல்ல?”

“நான்தாண்ணே எழுதினேன்.”

“என்னத்த?”

“நோட்டீஸ.”

அண்ணன் தமுக்கைக் கீழே வைத்தார். வைக்கோல் எரிந்து அடங்கியது. பிறகு, “ஆத்தாகிட்டச் சொல்லிறாத” என்றார். “ஒன் ஆபீசு நோட்டீசுன்னு வீட்டுச் செவுத்துல ஒட்டி வச்சிருக்கு.”

எழுந்து, கரையின் தென்கோடியில் இருந்த புளியமரத்தைக் காட்டினார்.

“மேலத்தெரு மொனையிலருந்து கடைசி வீடு எம்புட்டுத் தூரமோ அம்புட்டுத் தூரம் அந்த மரம். அங்கிட்டுப் போயி நில்லு. ஒன்னோடத ஒரு தடவ கூவுறேன்.”

போய் நின்றேன். மணியக்காரர் மூன்று தடவை வாசித்ததே அவருக்குப் போதுமாயிருந்தது, மனப்பாடமாகவே கூவினார். தமுக்கு தெளிவாகக் கேட்டது. பிறகு அண்ணனின் வாய் வெகுநேரம் அசைந்தது. எனக்குக் கேட்டது இவ்வளவு: ‘நீரை… பருகுதல்… கூடுக.’ வேண்டாம் என்பதைச் சொல்லும் பகுதி வாலில் இருந்தது. வால் வழியிலேயே விழுந்துவிட்டது. நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், சர்க்கார் மக்களைக் கூட்டம்கூடித் தண்ணீர் குடிக்க அழைத்திருந்தது.

பிறகு தமுக்கை நாலு தட்டுத் தட்டிவிட்டு, அவர் சொல்லைக் கூவினார்.

“கக்கல் கழிச்சல் வந்திருக்கூ… வேணாம், பச்சத் தண்ணி வேணாம்… காய்ச்சிக் குடி, காய்ச்சிக் குடி… சாவடிக்கு வாங்க, ஊசி போடுறாக… காசு கெடையாதூ… வலிக்கும், கை வீங்கும், சாக மாட்டீக…”

ஒரு சொல்லும் விழவில்லை. மரத்தடியில் படுத்திருந்த நாய்கூட எழுந்து உட்கார்ந்தது.

திரும்பி வந்து, எப்படிக் கட்டுகிறாய் என்று கேட்டேன். அவர் அதற்கு முன் யோசித்ததில்லை, யோசித்துத்தான் சொன்னார். “நடுவுல வாயத் தொறந்து இழுக்கத் தோதா ஒண்ணு இருக்கணும். காசு, ஊசி, வாங்க. இழுக்க எடமில்லாத சொல்லு பாதித் தெருவுல செத்துரும். வேணாங்கறத மொதல்லயே சொல்லிப்புடணும், அப்புறந்தான் என்னது வேணாம்னு காதக் குடுப்பாக.”

“கக்கல் கழிச்சல்ல இழுக்க இடமே இல்லையே?”

“அதுக்கு இழுக்கவே வேணாம். ‘கக்க’ன்னதும் கதவத் தொறந்துட்டு வெளிய வந்துருவாக.”

கிளம்பும்போது சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “நான் ஒன் அண்ணன்னு எங்கிட்டும் எழுதிறாத. மானியம் போனா நான் கூலிக்குப் போயிக்கிருவேன். ஒன் சிலேட்டும் போச்சுன்னா, நான் அந்தக் காலத்துல தமுக்க எடுத்ததுக்கு என்னடா கணக்கு?”

“வாரேண்ணே” என்றேன். பதில் அல்ல அது.

மறுநாள் பகல் முழுதும் அபிப்பிராயத்தை எழுதினேன். இந்த வேலையில் நான் எழுதியவற்றில் அதுதான் மிகச் சிறியது. நாலு வரி.

‘தமுக்கு அடித்தவர் என் உடன்பிறந்த அண்ணன். நோட்டீஸை எழுதியவன் நான். இரண்டும் சொல்லளவில் ஒன்றல்ல. எதைச் சொல்வதற்காக நோட்டீஸ் அனுப்பப்பட்டதோ அதைக் கூவல் சொன்னது, நோட்டீஸ் சொல்லவில்லை.’

அண்ணன் சொன்னதைக் கேட்டிருந்தால் முதல் வரி இருந்திருக்காது. அந்த முதல் வரி இல்லாமல் நாலாவது வரியை எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, யாரும் கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஒரு எழுத்து மாற்றாமல் கூவிய அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு இந்தப் பைலில் இடமே இல்லை. அவருக்காக ஒரு வரி எழுதவேண்டுமானால் அது ‘எழுதியவன் நான்’ என்பதாகத்தான் இருக்கமுடியும். அதை எழுதிவிட்டு, அண்ணன் என்பதை மட்டும் மறைக்க முடியவில்லை.

தலைவர் நாலு வரியையும் இரண்டு தடவை வாசித்தார்.

“கர்ணம் இல்லையா?”

“இல்லைங்க.”

“நாலாவது வரிக்கு என்ன ஆதாரம்?”

“நீங்க காம்பவுண்டு கடைசி வரைக்கும் போய் நின்னாப் போதும். நான் கூவுறேன்.”

அவர் குடையை எடுத்துக்கொண்டார், வெயில் இருந்தது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டார். காம்பவுண்டின் கடைக்கோடி வேப்பமரம் வரை நடந்துபோய்த் திரும்பி நின்றார். அதற்குள் எல்லா ஜன்னல்களிலும் தலைகள் வந்துவிட்டன. தமுக்கு இல்லையே என்று நான் விழித்துக்கொண்டிருக்கையில், கம்பாசிட்டர் அச்சுக்கூடத்திலிருந்து ஒரு காலி டின்னைக் கொண்டுவந்து வைத்தார்.

“சீமையெண்ணெய் டின்னு, மாப்ள” என்றார். “கமிட்டி கட்டாத சொல்லு. நல்லாச் சத்தம் குடுக்கும்.”

கோட்டுப் போட்டுக்கொண்டு தகரத்தைத் தட்டினேன். முதலில் நோட்டீஸைக் கூவினேன். ‘கொதிப்பித்தாற்றாது’ என்ற இடத்தில் மூச்சு முடிந்துவிட்டது; நின்று, மூச்செடுத்து, ‘பருகுதல்’ என்று தொடர்ந்தேன். பிறகு அண்ணனுடையதைக் கூவினேன். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இருந்த குரல் எனக்கும் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. ஆபீஸ் முழுதுக்கும் கூடவே தெரிந்தது.

தலைவர் திரும்பி வந்து தாளைக் கொடுத்தார். முதல் கூவல் என்பதற்கு எதிரே ‘பருகுதல், கூடுக’ என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டாவதற்கு எதிரே முழுவதும் இருந்தது. ‘சாக மாட்டீக’ என்பதைக்கூடத் திருத்தாமல் அப்படியே எழுதியிருந்தார். அந்தத் தாளை நான் வைத்திருக்கிறேன்.

அவர் பைலில் எழுதி, மேலே கையெழுத்தாகி வந்த உத்தரவு இரண்டே பத்தி. ஒன்று: அச்சிட்டதை மாற்றிக் கூவியது விதிமீறல், ஆகவே தமுக்கு அடிப்பவர் எச்சரிக்கப்படுகிறார், ஊழியத்தில் தொடரலாம். இரண்டு: இனி இந்த நோய்க்கான நோட்டீஸ்கள் யாவும் மேற்படி விதிமீறலில் கண்ட வாசகப்படியே அச்சிடப்படவேண்டும். அதில் முரண் ஏதும் இருப்பதாக அவர் முகத்தில் தெரியவில்லை. எனக்கும் பிற்பாடு தெரியவில்லை.

என் சொற்பட்டியலைச் சிபாரிசு செய்யும் கடிதம் போகவில்லை. பட்டியலுக்காகவா, அண்ணனுக்காகவா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதி எண்ணைச் சொல்லியிருப்பார்கள். நான் கூவிய மறுநாள் காலையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு குவளை இருந்தது. அதை யார் வைத்தது என்று தெரியவில்லை. யாருக்கு என்பது தெரிந்தது. இந்த ஆபீஸில் எல்லாவற்றுக்கும் சொல் கட்டியிருக்கிறேன், அதற்குக் கட்டவில்லை. அன்று பதினொரு மணிக்குக் கம்பாசிட்டர் டீயோடு வந்து, பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

“எங்கிட்ட ஒரு கிளாசுதான் இருக்கு, மாப்ள. சும்மா யோசிக்காமக் குடி.”

அந்த இரண்டாவது குவளை இன்னும் இருக்கிறது. நீங்கள் வரும்போதும் இருக்கும். எதில் குடிப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு நான் குறிப்பு எழுதமுடியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் எழுதி முடித்ததும் யாரையாவது கூவச் சொல்லி, வேப்பமரத்தடியில் போய் நின்று கேட்டேன். கேட்டால்தான் சீட்டில் சிவப்பு மை. பெரும்பாலும் கம்பாசிட்டர்தான் கூவுவார். இப்போது அவருக்கு ஓரளவு நல்ல குரல். முறை அவ்வளவுதான், கற்றுக்கொள்ள ஐந்து நிமிஷம் போதும். நான் அதற்குக் கொடுத்த விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து ஊர்க்காரர் கொடுத்ததையும் இனி யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அவரைப் பார்க்க ஒரு தடவை போனேன். நோட்டீஸ் எழுதியவன் என்று சொன்னேன். “உக்காருங்க” என்றார். உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

புதிய நோட்டீஸ் அச்சானதும் எங்கள் ஊருக்கான பிரதியை நானே சைக்கிளில் கொண்டுபோனேன். மேலே சர்க்கார் முத்திரை, கீழே அண்ணனின் சொற்கள், ஒரு எழுத்து மாறாமல். அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது; வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இது தேவல. இது யாரு எழுதுனது?”

“நீதாண்ணே.”

“நானா?” நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி, வா.”

மேலத்தெரு முனைக்குப் போனோம். அவர் தமுக்கை இடுப்பில் சரிசெய்துகொண்டு, நாக்கில் விரலை நனைத்துக் காற்றில் தூக்கிப் பிடித்தார்.

“காத்து மேக்க மாறிருச்சுடா” என்றார். “வேணாங்கறத மூணு தடவ சொல்லணும்.”

நோட்டீஸில் இரண்டு தடவைதான் இருந்தது. அவர் ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டவர். நான் சர்க்கார் ஊழியன், பக்கத்திலேயே நிற்கிறேன்.

மூன்று தடவை கூவினார். கடைசி வீட்டில் கதவு திறந்தது.

இந்த விதிமீறலை நான் இதுவரை ஆபீஸுக்குத் தெரிவிக்கவில்லை. நீங்களும் தெரிவிக்க வேண்டாம்.